புதிதாகத் தோண்டிய மண்

2019 பிப்ரவரியில் வேலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன், தங்கை மகளுக்குக் காதுகுத்து. காவேரிப்பாக்கம் பக்கம் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை விரல்கள் மரத்துப்போயின, மூச்சு உள்ளே போகிறது ஆனால் போதவில்லை, சட்டை முழுக்க வியர்வை. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. நடுவழியில் கத்தி பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர், அன்று எனக்கு அது தெரியாது. காதுகுத்துக்குப் போகாமல் எதிர்த்திசை பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன், மனைவியிடம் தலைவலி என்று சொன்னேன்.

24 வருடம் ராணுவத்தில் இருந்து 2018-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கும், அப்பாவும் பட்டாளம்தான். பனியிலும் மலையிலும் நின்றவனுக்குப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது பயம் வந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த மூன்று மாதத்தில் நாலு முறை வந்தது. இரண்டு முறை ராத்திரியில் தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். ஒரு இடத்தில் ஈசிஜி எடுத்து வாயுத்தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷன் ஆகாதீங்க என்றார்கள். டென்ஷன் ஆகாதீங்க என்று சொன்னவரிடம் எப்படி ஆகாமல் இருப்பது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் முறை இப்படி வந்தால் இதயத்தையும் தைராய்டையும் கட்டாயம் பரிசோதித்துவிடுங்கள். அது பயம்தான் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

இதற்குள் நான் என்னென்னவோ நிறுத்திவிட்டிருந்தேன். முதலில் பேருந்து. அப்புறம் கல்யாண மண்டபம், ஏனென்றால் நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி எழுந்து போவது என்ற யோசனை. அப்புறம் கோயில் திருவிழா, வேட்டுச் சத்தம். தீபாவளிக்கு வெடி வெடிக்கும் நேரத்தில் மோட்டார் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ராணுவ கேன்டீனில் வாங்கும் ரம் ராத்திரிக்கு ராத்திரி கூடிக்கொண்டே போனது, அது தூக்கத்தைக் கொடுத்தது உண்மை, ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டு நெஞ்சை இரண்டு மடங்கு அடிக்க வைத்ததும் அதுதான். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது எங்கள் ஊர் ரிட்டயர்டு சுபேதார் சாப். கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்தார். வெளியே வந்ததும், “தம்பி, எனக்கும் இருந்தது, வா” என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தனை மாதமாகக் காத்திருந்தேன் போல, ரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே முதலில் மருத்துவ அதிகாரியைப் பார்க்க வேண்டும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் மனநல மருத்துவரிடம் போக முடியும். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு இது புரியும். சர்வீஸில் ‘ஷேப்’ என்று ஒரு மருத்துவ வகைப்பாடு உண்டு, அதில் முதல் எழுத்தான எஸ் மனநலத்துக்கு. அதில் ஏதாவது எழுதிவிட்டால் லோ மெடிக்கல் கேட்டகிரி, அதாவது தகுதி குறைந்தவன் என்ற முத்திரை, பிரமோஷன் போகும், கூட இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் தூக்கம் வரவில்லை என்றாலும் வாயைத் திறக்க மாட்டோம். 24 வருடம் அப்படியே பழகியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் விடவில்லை, பென்ஷனில் கை வைத்துவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன். மனநல மருத்துவரைப் பார்த்ததால் யாரும் பென்ஷனைத் தொடவில்லை. இதைப் படிக்கும் முன்னாள் படைவீரர் யாராவது அதே பயத்தில் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிட்டுப் போங்கள்.

மனநல மருத்துவர் எஸ்சிடாலோபிராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார், கூடவே கொஞ்ச நாளைக்கு மட்டும் உடனே அமைதிப்படுத்தும் குளோனாசெபம். முதல் வாரம் படபடப்பு கூடலாம், வேலை செய்ய நாலு வாரம் ஆகலாம், நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னதுபோலவே முதல் வாரம் மோசமாக இருந்தது, அவர் சொல்லாமல் விட்டிருந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேன். குளோனாசெபம் பழக்கமாகிவிடும் என்பதால் ஆறாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். ரம்மையும் நிறுத்தச் சொன்னார், அந்த மாத்திரையோடு குடி சேர்ந்தால் ஆபத்து. எனக்கு மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

2020-ல் லாக்டவுன் வந்தது. எங்கும் போக வேண்டியதில்லை, கூட்டம் இல்லை, பேருந்து இல்லை, எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். எல்லாம் திறந்ததும் மகளின் கல்லூரி விஷயமாகப் பேருந்து நிலையத்துக்குள் காலை வைத்தேன், கால் நகரவில்லை. மகள் “அப்பா, என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் மருத்துவரிடம், எனக்கு மாத்திரை மட்டும் போதாது, வேறு ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். வாரம் ஒரு முறை, கிட்டத்தட்ட நாலு மாதம்.

அந்தம்மா முதலில் செய்தது விளக்கியதுதான். ஆபத்து என்று மூளை நினைத்ததும் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான், மூச்சு போதவில்லை என்று தோன்றினாலும் உண்மையில் நாம் அளவுக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கிவிடும். இதைக் கேட்ட அன்று எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மூச்சை மெதுவாக விடச் சொன்னார், நாலு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடுவது. எனக்கு அது உடனே பிடிபட்டது, ரேஞ்சில் ஃபயரிங்கின்போது மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி டிரிகரை அழுத்தச் சொல்லிக்கொடுப்பார்கள், உடம்புக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அப்புறம் அவர் செய்ய வைத்தது முதலில் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. மாடிப்படி ஏறி இறங்கி வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைப்பது, சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்றலை வரவழைப்பது. வந்ததும் எதுவும் செய்யாமல் அப்படியே நிற்க வேண்டும். படபடப்பு வந்தால் சாவு வராது என்பதை வாயால் சொன்னால் உடம்பு நம்பாது, இப்படிக் காட்டினால்தான் நம்பும்.

அப்புறம் பேருந்து. முதல் வாரம் வேலூரிலிருந்து சத்துவாச்சாரி வரை, மனைவியோடு. பிறகு தனியாக. அப்புறம் ஆற்காடு, அப்புறம் வாலாஜா. ஒவ்வொரு இடத்துக்கும் நாலைந்து முறை. நடுவில் இறங்கிவிட்டால் அடுத்த முறை பயம் கூடும் என்பதால் இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. இரண்டு முறை இறங்கிவிட்டேன். அந்தம்மா திட்டவில்லை, மறுநாளே மறுபடி போகச் சொன்னார்.

வாலாஜாவுக்கு அப்பால், முதல் முறை வந்த காவேரிப்பாக்கம் பக்கம் மட்டும் போக முடியவில்லை. ஏன் அந்த இடம், அன்று ஜன்னல் வழியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, ரோடு வேலை நடந்தது, ஓரமெல்லாம் மண் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது.

2001 முதல் 2003 வரை, தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில், காஷ்மீரின் குப்வாராவில் இருந்தேன். ஆர்.ஓ.பி. (ரோடு ஓப்பனிங் பார்ட்டி) என்போம், கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, வருவதற்கு முன்னால் விடியற்காலையில் சாலையை நடந்தே சோதித்துத் திறந்துவிடும் வேலை. கண்ணிவெடி புதைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அதற்கு முதலில் தேடுவது புதிதாகத் தோண்டிய மண்ணைத்தான். நிறம் மாறியிருக்கும், ஈரம் தெரியும், மேலே கிடக்கும் கல் ஒட்டாமல் இருக்கும். 2002-ல் ஒரு காலை அந்தச் சாலையில் நடந்ததை இங்கே விரிவாக எழுத என்னால் முடியாது. எனக்கு முப்பது அடி முன்னால் நடந்தவன் இல்லை, நான் இருக்கிறேன். அவன் பெயரை 19 வருடம் கழித்து அந்த அறையில்தான் முதல்முறை சத்தமாகச் சொன்னேன்.

அதன் பிறகு எல்லாம் மந்திரம் போட்டதுபோல மாறிவிடவில்லை. இன்றும் ஓரத்தில் மண் குவியல் பார்த்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது. சில ராத்திரி கனவு வருகிறது. அப்படி ஒரு ராத்திரி தாங்க முடியாமல் 14416-க்கு அடித்தேன், அரசின் டெலி-மானஸ், தமிழிலேயே பேசினார்கள், அரை மணி நேரம் அவசரமில்லாமல் கேட்டார்கள். மாத்திரை இன்னும் குறைந்த அளவில் தொடர்கிறது, மருத்துவர் சொல்லும்போது நிறுத்துவேன்.

2021 டிசம்பரில் தனியாகச் சென்னை பேருந்தில் ஏறினேன். ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்தேன். காவேரிப்பாக்கம் நெருங்கும்போது வந்தது, விரல் மரத்தது, கண்டக்டரைக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிடவில்லை. மூச்சை விட்டு எண்ணினேன். ஓரத்து மண்ணைப் பார்த்தேன், இது சாலை போடுகிறவர்கள் தோண்டியது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், நண்பன் பெயரையும் ஒரு முறை சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் அடங்கிவிட்டது. கோயம்பேட்டில் இறங்கித் தங்கைக்குப் போன் செய்தேன், “அண்ணா, எங்க இருக்கீங்க?” என்றாள். சென்னையில் என்றேன்.