அசதிக்கு முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

யாங்கூனில் பிளவுஸ் தைப்பது என் தொழில். அளவு கொடுக்க வரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள், நான் டேப்பைச் சுற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள். "தூக்கமே இல்லைக்கா, எந்நேரமும் அசதி, சும்மா இருக்கும்போதே குப்பென்று வேர்க்குது, பிள்ளைகள் மேல எரிஞ்சு விழறேன்." கடைசியில் "எல்லாம் கவலைதான்" என்று முடித்துக்கொள்வார்கள். கவலைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றையும் கவலை என்று சொல்லி மூடிவிடுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளியூரில் இருப்பவர்களுக்கு எங்கள் ராத்திரியைச் சொல்கிறேன். கரண்ட் முறை வைத்துத்தான் வரும். நள்ளிரவில் வந்தால் தெருவில் யாராவது "மீ லாபி!" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்தாச்சு') என்று குரல் கொடுப்பார்கள். உடனே எழுந்து தண்ணீர் மோட்டார் போட வேண்டும். பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும், குக்கரில் அரிசி வைக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பச்சை லோஞ்சியை (பர்மிய லுங்கி) இஸ்திரி போட வேண்டும். என் ஓவர்லாக் மிஷினும் அப்போதுதான் ஓடும். பெரும்பாலான வீடுகளில் இதற்கெல்லாம் எழுவது பெண்தான்.

கார்ட்டிசால் என்ற ஹார்மோன் விடியும் நேரத்தில் ஏறி, நள்ளிரவை ஒட்டி இறங்கும். அது இறங்கிக் கிடக்க வேண்டிய நேரத்தில் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களும் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கருமுட்டை வராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் குறையும். சிலருக்கு விலக்கு தள்ளிப்போகும், சிலருக்குக் கொட்டித் தீர்க்கும்.

எனக்குக் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் ரத்தம் எடுக்கச் சொன்னார், தைராய்டுக்கும் சேர்த்து. தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.7. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கவலை, வயசு என்று எல்லோரும் சொன்ன களைப்பில் பாதிக்கு மேல் இரும்புச்சத்துக் குறைவுதான். ரத்தம் அவ்வளவு போவதற்குக் கர்ப்பப்பையில் கட்டி ஏதும் காரணமா என்று ஸ்கேனும் எடுக்க வைத்தார்.

ஹார்மோன் டெஸ்ட் வேண்டாமா என்று கேட்டேன். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு வயதையும் அறிகுறிகளையும் வைத்தே சொல்லிவிடலாம், நாளுக்கு நாள் மாறுகிற அளவை ஒரு தடவை பார்த்து என்ன செய்வது என்றார். வேர்வைக்கும் எரிச்சலுக்கும் ஹார்மோன் மருந்து நன்றாகவே கேட்குமாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாகக் கூடாது. என் விஷயத்தில் முதலில் ரத்தம் ஏறட்டும், அப்புறம் பேசலாம் என்றார்.

இரும்பு மாத்திரை சாப்பிடுவதில் ஒரு விஷயம். இங்கே நாமெல்லாம் நாள் முழுக்க டீ குடிக்கிறோம். இரும்பு மாத்திரையோடு டீயோ காபியோ சேர்ந்தால் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. நான் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொள்கிறேன், டீயை நன்றாகத் தள்ளி வைத்துக் குடிக்கிறேன். கால்சியம் மாத்திரையும் அதே வேளையில் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் அளவு ஏறியவுடன் நிறுத்திவிடாமல் மேலும் மூன்று மாதமாவது சாப்பிட வேண்டும்.

ஃபேஸ்புக்கில் "அட்ரினல் களைப்பு" என்று சொல்லி ஒரு பவுடர் விற்கிறார்கள். அட்ரினல் என்பது சிறுநீரகத்தின் மேலே இருக்கும், கார்ட்டிசாலைச் சுரக்கும் சுரப்பி. என் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு மாதக் காய்கறிக் காசை அதில் போட்டார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதே இல்லை. அட்ரினல் உண்மையிலேயே பழுதானால் அது வேறு: எடை குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்குத் தோல் கறுக்கும். அதற்கு ஆஸ்பத்திரிதான், பவுடர் இல்லை.

மணிக்கொரு நாப்கின் நனைந்தால் காத்திருக்காதீர்கள். விலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போங்கள்.

மோட்டார் போடுவதை இப்போது வீட்டுக்காரரும் மூத்தவனும் முறை வைத்துச் செய்கிறார்கள். ராத்திரித் தையலை நான் நிறுத்திவிட்டேன், வருமானம் குறைந்திருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை தீபாவளிக்கு முன்னால்.