மீட்டரில் ஏறிய 6 டெசிபல்

கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். நமக்கெல்லாம் அது பாட்டுக் கேட்கிற ஸ்டேஷன். பள்ளியில் நம் இயற்பியல் சாருக்கு அது ஆய்வகம்.

அந்த அலையின் நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியைவிடக் கொஞ்சம் குறைத்து, 1.42 மீட்டருக்கு அலுமினியக் குழாயில் டைபோல் என்னும் எளிய ஆன்டெனாவைச் செய்ய வைத்தார். கேபிள் டிவி அண்ணனிடம் சிக்னல் மீட்டர் இரவல் வாங்கினோம். டைபோலைக் கழற்றி, அதே கம்பத்தில் மூன்று குழாய்களை வரிசையாக வைத்த யாகி ஆன்டெனாவை மாட்டியதும் மீட்டர் கிட்டத்தட்ட 6 டெசிபல் ஏறியது. டெசிபல் என்பது எத்தனை மடங்கு என்று சொல்லும் அலகு; 6 டெசிபல் என்றால் வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "புலவலிமை கூடிருச்சு சார்!" என்றான் ஒருவன்.

"கம்பம் நகர்ந்துச்சா? ஸ்டேஷன்ல பவரைக் கூட்டினாங்களா? அப்புறம் எப்படிடா கூடும்?" என்று திருப்பிக் கேட்டார் சார்.

அந்தக் கேள்விதான் பின்னாளில் என்னை இந்த ரேடியோ அலைத் தொழிலுக்கே கொண்டுவந்தது. மீட்டர் காட்டுவது கேபிள் முனையில் உள்ள மைக்ரோவோல்ட். புலவலிமை என்பது காற்றில், ஒரு மீட்டருக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்பது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கூட்ட வேண்டிய எண்தான் ஆன்டெனா காரணி. 75 ஓம் மீட்டரில், இந்த அலைவரிசையில், டைபோலுக்கு அது சுமார் 6 டெசிபல். மீட்டர் காட்டும் அளவோடு அதைக் கூட்ட வேண்டும். யாகி 6 டெசிபல் அதிகம் வாங்கித் தருவதால் அதன் காரணி ஏறக்குறைய பூஜ்யம். கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் ஒரே விடைதான் வரும். புலவலிமை அந்த இடத்தின் குணம், ஆதாயம், அதாவது ஒப்பிடும் ஆன்டெனாவைவிட எவ்வளவு அதிகம் வாங்குகிறது என்பது, ஆன்டெனாவின் குணம். யாகி சக்தியை உண்டாக்குவதில்லை. பின்பக்கமும் பக்கவாட்டிலும் வாங்குவதைக் குறைத்து, ஒரே திசையில் அதிகம் வாங்குகிறது. அதைத் திருப்பி மாட்டியபோது மீட்டர் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

அப்புறம் கணக்கு. தடையில்லாத வெளியில், டைபோலிலிருந்து 10 கிலோவாட் கிளம்பினால் 10 கிலோமீட்டரில் புலவலிமை சுமார் 97 டெசிபல் மைக்ரோவோல்ட்/மீட்டர் (மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட்டைவிட எத்தனை டெசிபல் அதிகம் என்பது). தூரம் இரட்டித்தால் 6 குறைந்து 91. ஆனால் நம் மலையில் ஒரு மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினாலே இந்தக் கணக்கு நிற்காது. கிராமப்புற ஸ்டீரியோ ஒலிபரப்புக்குக் குறைந்தபட்சம் வேண்டும் என்று சர்வதேசப் பரிந்துரை சொல்வது அதே அலகில் 54. சில பள்ளங்களில் பாட்டு ஏன் இரைந்தது என்று அன்றுதான் விளங்கியது.

கடையில் "12 டிபி (டெசிபல்) ஆன்டெனா" என்றால் எதை வைத்து 12 என்று கேளுங்கள். எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவை வைத்துச் சொன்னால், டைபோல் கணக்கில் அது 10-க்குக் கீழே. வித்தியாசம் 2.15.

நம் முன்னாள் மாணவர் சங்கம் இந்த ஆண்டு பள்ளி ஆய்வகத்துக்குப் பொருள் வாங்கித் தரும் பட்டியலில் ஒரு சிக்னல் மீட்டரையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டைபோலைப் பிள்ளைகளே செய்துகொள்வார்கள்.