கோத்தகிரிக்கு வந்த கட்டைச் சம்பல்

இலங்கையின் நுவரெலியாவிலிருந்து கோத்தகிரிக்கு வந்தவர்களுக்குக் குளிரும் புதிதில்லை, தேயிலையும் புதிதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்ன இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மலையேறி வந்து மறுபடியும் கொழுந்துக் கூடையைத்தான் முதுகில் மாட்டினோம். காகிதத்தில் நாங்கள் தாயகம் திரும்பியோர், கடைத்தெருவில் சிலோன்காரர்கள். எனக்கு இரண்டு பெயரிலும் பெரிய ஈடுபாடு இல்லை.

ரொட்டி தட்டக் கோதுமை மா கிடைத்தது. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல், அதாவது மிளகாயும் வெங்காயமும் மாசியும் சேர்த்த காரத் துவையல், இடிக்கத்தான் வழியில்லை. மாசிக் கருவாடு, அந்தக் காய்ந்த சூரை மீன், சந்தையில் இல்லை. அது இல்லாத சம்பல் வெறும் எரிச்சல். போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் மூடுபனி. கீழேயிருந்து வரும் மிளகாய் வற்றல் இரண்டு நாளில் பதத்துப் போகும். வறுத்தால் புகைக்கூண்டு இல்லாத ஒற்றை அறையில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை இருமுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியதும் உண்டு.

கொதிநீரில் ஊறவைத்து அரைத்தாலும் தோல் திப்பி திப்பியாகப் பல்லில் அகப்படும். இங்கே உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கரில் அழுத்தம் கூடும்போது 115 டிகிரியைத் தாண்டும். குக்கர் வாங்கியது பருப்புக்காக. அதில் நன்றாக வெந்தது மிளகாய்.

காரத்துக்கு ராமநாதபுரம் குண்டு, நிறத்துக்குக் கர்நாடகத்துப் பேடகி மிளகாய், இரண்டும் சரிபாதி. முகாம் இருந்த மண்டபமும் அந்த மாவட்டம்தான். அங்கிருந்து நாங்கள் விரும்பி வாங்குவது இந்த மிளகாய் ஒன்றையே. காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிட வேண்டும். விதையும் தோலும் ஆவிக்குழாயில் அடைத்துக்கொண்டால் ஆபத்து என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மாசி விட்ட இடத்தை நிரப்பச் சின்ன வெங்காயம் தாராளமாக, பூண்டு, ஒரு தக்காளி, சிறிது புளி, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று விசில் வந்தபின் சிறு தீயில் ஐந்து நிமிடம்.

அடுத்தது பொறுமை. அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் மிளகாய் ஆவி நேரே கண்ணுக்கு வரும். அழுத்தம் தானாக இறங்கட்டும். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸி. சூட்டோடு அரைத்தால் மூடி தெறித்து விழும். அரைத்ததை நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். ஈரக் கரண்டி படாவிட்டால் சில வாரம் தாங்கும்.

இதைக் கட்டைச் சம்பல் என்றால் நுவரெலியாவில் இருக்கும் என் அத்தை சிரிப்பார். பக்கத்துப் படுகர் வீட்டு அக்காவோ பெயரெல்லாம் கேட்பதில்லை. அவரைக் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்துக்கொள்வார், காலிப் பாட்டிலைக் கழுவித் திருப்பி அனுப்புவார்.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளும் செய்கிறாள். அங்கே சமவெளி, குக்கருக்குள் சூடு இன்னும் கூடும். ஒரு விசிலைக் குறைத்து, சிறு தீயையும் இரண்டு நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.