சர்க்கரைப் புண்ணும் புரதக் களிம்பும்

பெரியப்பாவின் பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் வந்த சர்க்கரைப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தபோது, எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் இரண்டு பேச்சுகள் அடிபட்டன. "நம்ம வம்சத்துக்கே புண்ணு சீக்கிரம் ஆறாது" என்றார் அத்தை. புரதக் களிம்பு வந்துவிட்டது, அதைத் தடவினால் போதும் என்றார் சித்தப்பா. இரண்டுமே பாதி உண்மைகள்தான்.

காயம் பட்டவுடன் நம் இரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணி ஒன்றை, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதத்தை, ஈஸ்ட்டின் உதவியால் தயாரித்து, பெகாப்ளர்மின் என்ற பெயரில் பாதப் புண்ணுக்கு மருந்தாக்கினார்கள்; அமெரிக்கா அதை 1997இல் அனுமதித்தது. முக்கியமான சோதனை ஒன்றில், 20 வாரங்களுக்குள் அந்த மருந்தைத் தடவியவர்களில் 50 சதவீதத்தினருக்கும், மருந்து கலக்காத களிம்பைத் தடவியவர்களில் 35 சதவீதத்தினருக்கும் புண் முழுதாக ஆறியது. பலன் உண்டு என்பது தெளிவு. மந்திரமில்லை என்பதும் தெளிவு. நாட்பட்ட புண்ணில் ஊறும் நீரில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருப்பதால், நாம் தடவும் காரணியையும் அவை விட்டுவைப்பதில்லை.

அதனால்தான் செவிலியர் ஒவ்வொரு முறையும் செத்த தசையைச் சுரண்டி, விளிம்பில் இரத்தம் பொட்டுப்பொட்டாகத் துளிர்த்த பிறகே, குளிர்பெட்டியில் வைத்திருந்த களிம்பை மெல்லிய பூச்சாகத் தடவி, உப்புநீரில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். பெகாப்ளர்மின் சோதனைகளிலும், அடிக்கடி இப்படிச் சுத்தம் செய்த மையங்களில்தான் புண்கள் அதிகமாக ஆறின. இந்தப் பொறுமையான வேலைக்குரிய மதிப்பை நாம் கொடுப்பதே இல்லை.

அத்தை சொன்ன வம்சக் குறை எப்படிப்பட்டது என்பதைக் கொப்புளத்தோல் நோயில் காணலாம். தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் புரதத்துக்கான மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு, லேசாக உரசினாலே தோல் உரிந்துவிடும். ஜெர்மனியில் அவ்வாறு உயிருக்குப் போராடிய ஒரு சிரியச் சிறுவனுக்கு, அவனுடைய செல்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்து வளர்த்த தோலைக் கொண்டு, மேல்தோலில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மருத்துவர்கள் மாற்றினர். 2017இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. தழும்பு தடித்துப் புடைக்கும் கெலாய்டும் குடும்பவழியாக வருவதுண்டு.

பெரியப்பாவின் சிக்கல் அதுவன்று. சர்க்கரையால் பாதத்தில் உணர்வு மரத்துப்போனதால், புண்ணின் மேலேயே ஊன்றி நடந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் பாரம் விழாதபடி செய்து தந்த செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் போடத் தொடங்கிய பிறகுதான், அதே களிம்புக்கும் அதே கட்டுக்கும் விளிம்பிலிருந்து புதுத்தோல் படர ஆரம்பித்தது.