புதன் மாலை, 50 நிமிடம்

ஜனவரி 8, புதன்

இன்று தெரபிஸ்ட்டிடம், அதாவது பேச்சு மூலம் மனநலச் சிகிச்சை தருபவரிடம், என் முதல் அமர்வு. போவதா வேண்டாமா என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் போய்விட்டேன். அறையில் இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேராக இல்லாமல் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாதபோது ஜன்னலைப் பார்த்துப் பேச அது வசதியாக இருந்தது.

இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், ஆனால் என் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அவர் வெளியே சொல்லவேண்டி வரும் என்றார். அந்த விதிவிலக்கை மறைக்காமல் முதலிலேயே சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன்.

"எதை மாற்றணும்னு வந்திருக்கீங்க?"

"என்னையேதான்."

"அது ரொம்பப் பெரிசு. இந்த வாரம் நடந்தது ஒண்ணு சொல்லுங்க."

சொன்னேன். கூட வேலை செய்பவர் தன் ரிப்போர்ட்டை முடித்துத் தரச் சொன்னார். எனக்கே தலைக்கு மேல் வேலை. "சரி, கொடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து முடித்தேன். மறுநாள் அக்கா போன் செய்தபோது, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 15

ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார். மனச்சோர்வை அளக்கும் தாள், பிஎச்கியூ-9 என்று பெயர். எண் கூடினால் சோர்வும் கூட. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வம் எல்லாம் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடவேண்டும். மொத்தம் 27-க்கு எனக்கு 13. "இது மார்க் இல்லை. இன்னைக்கு எங்க நிக்கறீங்கன்னு ஒரு கோடு போட்டு வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றார்.

ஜனவரி 22

வீட்டில் செய்ய ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார். என்ன நடந்தது, அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது, உணர்வு நூற்றுக்கு எவ்வளவு. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தங்களைப் பற்றிய கசப்பான எண்ணங்கள் தாமாகவே வந்துபோவதைக் கவனித்தாராம். இந்த அட்டவணை முறை அங்கிருந்து வளர்ந்தது.

என் முதல் வரி இது:

நடந்தது: மேலாளரிடமிருந்து மெசேஜ், "கொஞ்சம் பேசணும்".
ஓடியது: வேலை போச்சு.
பயம்: 90.

போய்ப் பார்த்தால் லீவு பட்டியல் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். இப்படி எத்தனை தொண்ணூறுகளை வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறேன்!

ஜனவரி 29

அட்டவணையை இந்த வாரம் தொடவே இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். "எது தடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அதைப் பற்றியே பேசி நேரம் முடிந்தது.

பிப்ரவரி 12

இந்த வாரமே யாரிடமாவது "முடியாது" என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். நான் தயங்கியதும், "சின்ன விஷயம்தானே" என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. சின்ன விஷயமா? இனிமேல் போகவேண்டாம் என்று தோன்றுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவரிடம் இரண்டு முறை போய் நிறுத்தினேன். என் கதை பாதியில் இருக்கும்போதே அவர் அறிவுரையை ஆரம்பித்துவிடுவார். அப்போது எனக்குத்தான் தெரபி ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஆள் ஒத்துவரவில்லை என்பது வேறு, தெரபியே ஒத்துவராது என்பது வேறு. அது தெரியாமல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

பிப்ரவரி 19

போனேன். கையிலிருந்த டிஷ்யூ தாளை நூல் நூலாகக் கிழித்துக்கொண்டே, "போன வாரம் சின்ன விஷயம்தானேன்னு சொன்னீங்க. எனக்கு வலிச்சுது" என்றேன். மடியெல்லாம் வெள்ளைத் துணுக்குகள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆமாம், சொன்னேன். அவசரப்பட்டுட்டேன். உங்களுக்கு அது சின்னது இல்லை." சாக்குப்போக்கு எதுவும் இல்லை. பிறகு கேட்டார்: "அன்னைக்குத் தலையாட்டினீங்களே, அப்போ மனசுல என்ன ஓடிச்சு?"

"மாட்டேன்னு சொன்னா நீங்களும் என்னை விட்டுடுவீங்கன்னு."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்ட அன்றும் உள்ளே ஓடியது இதே எண்ணம்தான். ஒரு மனிதரிடம் "நீங்கள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது, நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போகவில்லை. அதே நாற்காலியில்தான் இருந்தார்.

இரவு தேடிப் படித்தேன். சிகிச்சை தருபவரும் வருபவரும் சேர்ந்து உழைப்பதற்கு மூன்று வேண்டும் என்று எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதியிருக்கிறார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் ஒத்த கருத்து, அப்புறம் இருவருக்கும் நடுவே ஒரு பிடிப்பு. எங்களுக்கு உதைத்தது இரண்டாவது. மூன்றாவது இருந்ததால்தான் திரும்பிப் போக முடிந்தது.

மார்ச் 5

படியைச் சின்னதாக்கினோம். "முடியாது" இப்போதைக்கு வேண்டாம், "பார்த்துட்டுச் சொல்றேன்" போதும். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தேன்: "கோபித்துக்கொள்வார், பேசமாட்டார். நம்பிக்கை 80."

அன்று ரிப்போர்ட்டைக் கொடுத்த அதே அலுவலக நண்பர் நேற்று மறுபடி வேலையோடு வந்தார். சொன்னேன். தொண்டை வறண்டு குரல் கம்மியது. "சரி, நாளைக்குள்ள சொல்லு" என்றபடி அவர் பாட்டுக்குப் போய்விட்டார். இன்று காலை முடியாது என்றும் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் வாடியது. மதியம் வழக்கம்போலப் பேசினார்.

மார்ச் 12

எல்லோரும் அந்த நண்பரைப்போல இல்லை. உறவில் ஒருவர் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். அதைச் சரிசெய்யும் வழி எதுவும் தெரபிஸ்ட் சொல்லவில்லை. எனக்கு வலிக்கிறது என்பதை மட்டும் முழுதாகக் கேட்டுக்கொண்டார். இன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மார்ச் 26

மறுபடி அதே ஒன்பது கேள்விகள். இம்முறை 7. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமா என்று இருவரும் பேசி, சரி என்று முடிவெடுத்தோம்.

கிளம்பும்போது, "அடுத்தது வியாழன் நாலு மணிக்கு வைக்கலாமா?" என்று கேட்டார்.

"வியாழன் எனக்கு முடியாது."

சரி என்று டைரியைப் புரட்டி வேறு நாள் தேடினார்.