துரியான் ஏறிப்போற ரயில்

சீனாவும் ஆசியானும் (தாய்லாந்து, லாவோஸ் எல்லாம் இருக்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பு) இன்னும் நெருங்குதுன்னு நியூஸ்ல வந்தா பலரும் அப்படியே தாண்டிப் போயிடுவாங்க, ஆனா ஒரு துரியான் பழம் எந்த வழியா போகுதுன்னு பார்த்தாலே விஷயம் பாதி புரிஞ்சிடும். 2003லயே தாய்லாந்து பழம் காய்கறிக்கு சீனா வரியை எடுத்துடுச்சு, 2010ல சீனா-ஆசியான் ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, 2020ல ஆசியான் சீனாவோட நம்பர் ஒன் வியாபாரக் கூட்டாளி ஆயிடுச்சு.

2021 டிசம்பர்ல லாவோஸ் ரயில் ஓட ஆரம்பிச்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. லாவோஸ் தலைநகர் வியந்தியான்ல இருந்து சீனாவுல இருக்கிற குன்மிங் வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. தாய்லாந்து தண்டவாளம் மீட்டர் கேஜ், லாவோஸ்ல புதுசா போட்டது அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ், ஒரே வண்டி ரெண்டுலயும் ஓடாது, அதனால தாய்லாந்துல இருந்து ரயில்ல வர்ற கன்டெய்னரை வியந்தியான் பக்கத்துல கிரேன் வச்சு தூக்கி வேற வண்டிக்கு மாத்தணும், உள்ள இருக்கிற பழமோ பழுத்துக்கிட்டே இருக்கும்.

இதுல நல்லது நிறைய இருக்கு, மறுக்க முடியாது. ஆனா அந்த ரயில் கம்பெனில 70 சதவீதம் சீனாவோட பங்கு, லாவோஸோ கடன்ல தவிக்குது, இது எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு. 2025 ஜனவரில சாயம் கலந்திருக்கான்னு டெஸ்ட் பண்ணித்தான் துரியானை உள்ள விடுவோம்னு சீனா சொன்னதும் தாய்லாந்து ஏற்றுமதியே தடுமாறிப்போச்சு. சாப்பிடுறவங்களுக்கு அந்த டெஸ்ட் நியாயம்தான், ஆனா ஒரே வாங்குறவரை நம்பியிருக்கிற தோட்டக்காரர் என்ன பண்ணுவார்? அதே வருஷம் அக்டோபர்ல கோலாலம்பூர்ல அந்த ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தத்தோட 3.0 வெர்ஷன்ல கையெழுத்து போட்டாங்க, டிஜிட்டல், பசுமைப் பொருளாதாரம் எல்லாம் அதுல இருக்கு, அந்தத் தோட்டக்காரருக்கு அதுல என்ன கிடைக்குதுன்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்.