இருபதாம் ஏடு: ஒரு திரைக்கதை மேசையின் நாட்குறிப்பு

வைகாசி 3

எங்கள் திரைக்கதைக்குப் பாடம் கற்க, டான் பிரவுணின் 'த டா வின்சி கோட்' நாவலையும் றொன் ஹவார்ட் இயக்கிய 2006ஆம் ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற வேலை தொடங்கியிருக்கிறது. நாவலில் 105 அத்தியாயங்கள். பெரும்பாலும் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்பவை. படம் 149 நிமிடம். பங்கு பிரித்தால் அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

மட்டையை வெட்டி, அத்தியாயத்துக்கு ஒன்றாக 105 அட்டை எழுதியாகிவிட்டது. அட்டையில் இரண்டே வரி: யார் என்ன செய்கிறார், கண்ணுக்கு என்ன தெரிகிறது. இரண்டாவது வரி வெறுமையாக நிற்கும் அட்டைகளில்தான் சிக்கல். அவற்றில் ஆட்கள் இருந்து கதைக்கிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை. இந்த வகை நாவலை வாசிக்க வைப்பது அந்தப் பேச்சு. திரையில் அதுவே படத்தைக் கொல்லும்.

வைகாசி 5

உரிமை பற்றி ஒரு குறிப்பு. நாவலின் கதையையோ பாத்திரங்களையோ அனுமதியின்றி எடுக்க முடியாது. ஆனால் வரலாற்றுக் கருதுகோளுக்கு (இந்த நாவலில், இயேசு மணமுடித்தவர் என்பது) யாரும் காணிக்குப்போல் உறுதி முடிக்க ஏலாது. முந்திய நூலொன்றின் ஆசிரியர்கள் இருவர் இந்த நாவலின் பதிப்பாளர்மேல் லண்டனில் போட்ட வழக்கு 2006 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஆகவே இங்கே எழுதப்படுவது முழுக்கச் சொந்தக் கதை: யாழ்ப்பாணம், ஒரு பனையோலைச் சுவடி, அதைத் தேடி ஓடும் இருவர். நாவலிடமிருந்து கற்பது தச்சு வேலையை மட்டும்.

வைகாசி 9

நூலகக் காட்சிக்கே முழு நாளும் போனது. நாவலில் டீபிங் என்ற பாத்திரம் தன் வீட்டில் இருந்து பக்கம் பக்கமாக விளக்குகிறது. திரைக்கதை எழுதிய அகிவா கோல்ட்ஸ்மன் செய்த இரண்டு மாற்றங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, 'கடைசி இராவுணவு' ஓவியத்தைப் பெரிய திரையில் காட்டி, ஓர் உருவத்தைப் பெயர்த்து மற்றப் பக்கம் வைத்துக் காட்டுகிறார்கள். சொல்லைக் கேட்க முன்னமே கண் அதைப் பார்த்துவிடுகிறது. மற்றது, நாவலில் தலையாட்டிக்கொண்டிருக்கும் கதாநாயகன் லாங்டன் படத்தில் மறுத்துப் பேசுகிறார். விரிவுரை வாக்குவாதமாக மாறுகிறது, பார்ப்பவருக்கு நிற்பதற்கு இரண்டு பக்கம் கிடைக்கிறது.

இரண்டாவது மாற்றம் முக்கியமானது என்பது எங்கள் எண்ணம். சந்தேகப்படும் ஆள் ஒருவர் திரையில் இல்லாவிட்டால், அந்த வேலையைப் பார்ப்பவர் செய்யத் தொடங்குவார். பிறகு அவரைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நேரக் கணக்கு: ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஆங்கிலத் திரைக்கதை வாய்பாட்டைத் தமிழுக்கு நம்பக் கூடாது. எழுத்துருவும் சொல் நீளமும் வேறு. மணிக்கூட்டை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. விளக்கப் பேச்சு நாற்பது விநாடியைத் தாண்டினால் வெட்டு.

வைகாசி 14

புதிர்கள். நாவலின் எழுத்துமாற்றுப் புதிர்கள் ஆங்கில எழுத்தில் பிறந்தவை. கலைந்த ஒரு வசனத்தின் எழுத்துகளை அடுக்கினால் ஓவியரின் பெயரும் ஓவியத்தின் பெயரும் வரும். படம் எழுத்துகளை ஒளிர விட்டு அதைக் காட்டுகிறது. அதைத் தமிழாக்கினால் பிணம்தான் மிஞ்சும். தமிழ்ப் புதிர் தமிழ் எழுத்தின் குணத்திலிருந்து வர வேண்டும்.

வழி எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. 'எட்டேகால் இலட்சணமே' என்று ஔவை பாடியதாகச் சொல்லும் பாட்டு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கேட்டது. தமிழ் எண்ணில் எட்டு 'அ', கால் 'வ'. சேர்த்தால் 'அவ'. எண்ணே எழுத்து.

சுவடியில் ஏட்டு எண் இடது ஓரத்தில் இருக்கும். பதினெட்டாம் ஏட்டில் 'யஅ', பத்தொன்பதில் 'யகூ', இருபதில் 'உய'. பழைய ஏட்டில் புள்ளி இடுவதில்லை. ஆகவே 'உய' இருபதும் ஆகும், 'உய்' என்ற சொல்லும் ஆகும். மூன்று ஏட்டையும் வரிசையாகப் புரட்டிக் காட்டினால் போதும். முதல் இரண்டும் பார்ப்பவருக்கு எண் வாசிக்கப் பழக்கும், மூன்றாவது பிடிக்கும். ஆனால் எண்களை அதற்கு முன்னம் ஒரு தடவையாவது, பழைய காணி உறுதியிலோ கல்வெட்டிலோ, சாதாரணமாகக் காட்டி வைக்க வேண்டும். விதைக்காமல் அறுத்தால் ஏமாற்று.

வைகாசி 15

ஏட்டு எழுத்தின் இன்னொரு குணம்: எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் கிடையாது. 'கொல' என்று கீறியிருந்தால் கொல், கோல், கோல எதுவும் ஆகலாம். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல் கிடப்பதால் 'கெரல' என்று பிழையாகவும் வாசிக்கலாம். ஒரே கீறலில் கொலையும் செங்கோலும். இதைவிட நல்ல முடிச்சைக் கற்பனை செய்து கட்ட முடியாது.

வைகாசி 21

கிரிப்டெக்ஸ் என்ற பூட்டு உருளை. நாவலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, படத்தில் ஒன்றே ஒன்று. அந்த வெட்டு சரியானது. ஒரே பூட்டை இரண்டு தடவை திறந்தால் இரண்டாவது தடவை பதற்றம் இருக்காது. ஐந்து வளையம், வளையத்துக்கு 26 எழுத்து: 1,18,81,376 சேர்க்கை.

தமிழில் 247 எழுத்தையும் ஒரு வளையத்தில், எழுத்துக்கு 5 மில்லிமீற்றர் வீதம் வைத்தால் விட்டம் 39 சென்ரிமீற்றர் வரும். கையில் பிடிக்க ஏலாது. மாற்றுவழி: மெய் வளையம் ஒன்று (18), உயிர் வளையம் ஒன்று (12), மாறி மாறி ஆறு வளையம். மூன்று உயிர்மெய்யுள்ள சொல் வரும்: 216 × 216 × 216 = 1,00,77,696. மூலத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கடவுச்சொல் 'கிணறு': க்-இ, ண்-அ, ற்-உ. இரண்டு வளையமும் பொருந்தும்போது பார்ப்பவரே மனதுக்குள் எழுத்தைக் கூட்டுவார்.

செய்முறை: வெளிவிட்டம் 60 மில்லிமீற்றர் உள்ள பீவீசி குழாயை 20 மில்லிமீற்றர் அகலத்தில் ஆறு துண்டாக அறுக்க வேண்டும். சுற்றளவு 188. மெய்க்கு 10.4 மில்லிமீற்றர், உயிருக்கு 15.7 மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் ஒரு வெட்டு. உள்ளே போகும் சிறிய குழாயில் நேர்கோட்டில் ஆறு முளை. ஆறு வெட்டும் நேராக வந்தால்தான் உள்குழாய் வழுகி வெளியே வரும்.

பிழைத்த இடங்கள்: வர்ணம் வளைய இடுக்கில் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டது. பூசிய பிறகு கோக்க வேண்டும், கோத்த பிறகு பூசக் கூடாது. பளபளப்பு வர்ணத்தில் விளக்கு அடித்து எழுத்தே தெரியவில்லை, மங்கல் பூச்சுத்தான் சரி. வளையம் தானாக உருளாமல் இருக்க உட்புறத்தில் மெல்லிய வெல்வெற் ஒட்டியிருக்கிறது.

வினாகிரி விஷயம்: நாவலில் உருளைக்குள் இருக்கும் வினாகிரிக் குப்பி உடைந்தால், செய்தி எழுதிய பப்பைரஸ் தாள் கரைந்துவிடும். உண்மையில் கரையாது. பனையோலையோ கரையவே கரையாது. மை மட்டும் போகும், கீறல் நிற்கும். எனவே குப்பி எங்கள் கதையில் இல்லை.

வைகாசி 27

ஏடு செய்வது. குருத்தோலையை அவித்து நிழலில் காயவிட்டு, ஓரம் நேராக்கித் துளையிட வேண்டும். எழுத்தாணியைப் பிடித்த கை அசையாது, ஓலைதான் நகரும். கீறியதும் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பும்.

கரி பூசாத ஏட்டை முன்பக்கமிருந்து வெளிச்சமடித்துப் பிடித்தால் வெறும் ஓலை. ரோச் லைற்றை ஓலையின் மட்டத்துக்குச் சாய்த்துப் பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழல் விழுந்து எழும்புகிறது. படத்தில் புற ஊதா விளக்கு செய்த வேலையை இங்கே ஒரு சாதாரண ரோச் செய்கிறது. ஓலை வளைந்திருந்தால் குவியம் தப்பும். கண்ணாடித் துண்டின்மேல் தட்டையாக ஒட்டி எடுப்பது நல்லது.

ஆனி 2

இடங்கள். லூவர் அருங்காட்சியகம் இரவில் மட்டும் படப்பிடிப்புக்கு விட்டது. மோனா லிசாமேல் விளக்கடிக்க விடவில்லை, பிரதியை வைத்து எடுத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் மறுக்க, லிங்கன் பேராலயம் அதன் வேடம் போட்டது. செயின்ற் சுல்பிஸ் தேவாலயமும் மறுத்தது. மறுப்பு வரும் என்று எண்ணியே காட்சியை எழுத வேண்டும்.

எங்கள் கதையில் கோயில் மூலஸ்தானம் இல்லவே இல்லை. வெளிவீதி, தேர்முட்டி, கேணிக்கரை போதும். கோட்டைக்குத் தொல்பொருள் திணைக்கள அனுமதி வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பவளக்கல் சுவர் நன்றாக வரும், பத்து மணிக்குப் பிறகு வெளிறிவிடும்.

ஆனி 6

நாவலின் தொடக்கத்தில் 'உண்மை' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம். கதையில் வரும் இரகசியச் சங்கமான சீயோன் மடம் 1099இல் நிறுவப்பட்ட மெய்யான அமைப்பு என்கிறது. அதை 1956இல் பியர் பிளான்ராட் என்பவர் பதிவு செய்தார், பழைய ஆவணங்கள் போலியாகச் செய்து பிரான்ஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டவை. அந்தப் பக்கமே பெரிய மனக்கசப்புக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து. 2006இல் கத்தோலிக்க ஆயர் பேரவை கேட்டுக்கொண்டதை அடுத்து இலங்கையில் படம் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டிலும் தடை வந்தது, சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது.

1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்தது வரலாறு. அதன்மேல் ஒரு பொய் ஏட்டை உண்மைபோல் ஒட்டினால், ஒரே ஒழுங்கையில் இருக்கும் சைவக் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பமும் அதைச் சுமக்க வேண்டி வரும். அது செய்யத் தகாதது. ஆகவே கதை திரும்பியிருக்கிறது: ஏடு போலி, தேட வேண்டியது அதைக் கீறிய கையை.

ஆனி 8

போலியைக் காட்டிக்கொடுப்பது என்ன என்ற கேள்விக்கு விடை ஏட்டிலேயே கிடந்தது. 1621 என்று சொல்லப்படும் ஏட்டில் ஒரே இடத்தில் 'கோல்' என்று தெளிவாக, சுழித்த இரட்டைக் கொம்போடும் புள்ளியோடும் இருக்கும். அந்தக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம். மற்ற ஏடுகளில் அப்படி ஒன்றும் இல்லை.

அந்தச் சொல்லை 12ஆவது நிமிடத்தில் ரோச் ஒளியில் நான்கு விநாடி முழுத்திரையில் காட்டுவது. யாரும் வாய் திறக்கக் கூடாது. 95ஆவது நிமிடத்தில் அதே ஏடு, அதே கோணம், இந்த முறை பக்கத்தில் இருபதாம் ஏடு. நாளைக்கு இரண்டு ஏட்டையும் ஒரே ஆள் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துச் சாய்வு ஒன்றாக இருந்தால் இந்தக் காட்சி நிற்காது.